நாக் ஹம்மாதி நூல்கள்: மார்வின் மேயர் பதிப்பை வாங்கலாமா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். க்னாஸ்டிக் நூல்களையும் (ரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்று நம்பிய பழைய குழுக்களின் நூல்கள்) விவிலியத்தில் இடம்பெறாத தொடக்கக் கிறிஸ்தவ நூல்களையும் ஆங்கிலத்தில் படிக்க ஆசை, ஆனால் ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், மார்வின் மேயர் பதிப்பித்த 'தி நாக் ஹம்மாதி ஸ்கிரிப்சர்ஸ்' வாங்குங்கள். 2007-இல் ஹார்ப்பர்ஒன் வெளியிட்டது. 800 பக்கங்களைத் தாண்டும், படுத்துக்கொண்டு படிக்க முடியாத கனம்.

1945 டிசம்பரில் மேல் எகிப்தில் நாக் ஹம்மாதி ஊருக்குப் பக்கத்தில் விவசாயிகளுக்கு ஒரு மண்ஜாடி கிடைத்தது என்றும், அதற்குள் தோல் உறை போட்ட பாப்பிரஸ் புத்தகங்கள் இருந்தன என்றும் சொல்வார்கள். கிடைத்த விதம் பற்றிய பல விவரங்களை ஆய்வாளர்கள் இப்போது சந்தேகிக்கிறார்கள், கிடைத்தவற்றில் சந்தேகமில்லை. 12 புத்தகங்கள், 13-ஆவதிலிருந்து சில ஏடுகள், எல்லாம் பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக்கில். ஒரு புத்தகத்தின் அட்டையைக் கெட்டியாக்க உள்ளே ஒட்டியிருந்த பழைய பாப்பிரஸ் ஆவணங்களில் 341, 346, 348 ஆகிய ஆண்டுகள் இருந்தன, அந்தப் புத்தகம் அதற்கு முன்பு கட்டப்பட்டிருக்க முடியாது என்று அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். இவற்றோடு பெர்லினில் உள்ள சுவடியிலிருந்து மரியாள் (பொதுவாக மகதலா மரியாள் என்று கருதப்படுபவர்) நற்செய்தியையும், 2006-இல் வெளிவந்த யூதாஸ் நற்செய்தியையும் மேயர் சேர்த்திருக்கிறார்.

இந்தப் பதிப்பு எனக்கு ஏன் பிடிக்கிறது என்றால், இல்லாததை இல்லை என்று காட்டுகிறது. மரியாள் நற்செய்தியைத் திறந்து பாருங்கள். முதல் ஆறு பக்கங்கள் கிடையாது, ஏழாம் பக்கத்தில், ஒரு உரையாடலின் நடுவில், பருப்பொருள் அழியுமா அழியாதா என்ற கேள்வியோடுதான் நமக்கு அது தொடங்குகிறது. அப்புறம் பேதுரு கேட்டுக்கொண்டதால் மரியாள் தான் கண்ட காட்சியைச் சொல்ல ஆரம்பிக்கிறார். ஒருவன் காட்சியை ஆன்மாவால் காண்கிறானா ஆவியாலா என்று மீட்பரிடம் கேட்கிறார், இரண்டாலும் அல்ல, இரண்டுக்கும் நடுவே இருக்கும் மனத்தால் என்று மீட்பர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கம் முடிந்துவிடுகிறது. அடுத்த நான்கு பக்கங்கள் இல்லை! மறுபடி தொடங்கும்போது ஆன்மா ஏற்கெனவே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, ஆசை என்ற ஒரு சக்தி அதை வழிமறித்து, நீ இறங்கியதை நான் பார்க்கவில்லை, இப்போது ஏறுவதைப் பார்க்கிறேன் என்கிறது. இதே நூலின் கிரேக்கத் துண்டுகள் இரண்டு கிடைத்திருக்கின்றன, இரண்டுமே இந்த இடைவெளியை நிரப்பவில்லை. கடைசியில் பேதுருவும் அந்திரேயாவும் மரியாளை நம்ப மறுப்பதும் லேவி அவருக்காகப் பேசுவதும் முழுசாக இருக்கின்றன, ஆனால் அவர்கள் எதை மறுத்தார்கள் என்பதில் பாதிதான் நம் கையில். அந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இணையத்தில் சுற்றும் பல பிரதிகள் இந்த ஓட்டைகளை வழவழப்பாக்கிவிடுகின்றன. இங்கே ஆய்வாளர்கள் ஊகித்துச் சேர்த்த சொல் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, வரிகளே போயிருந்தால் போயிருக்கின்றன என்று குறிப்பு இருக்கிறது. மிக நீளமான சோஸ்த்ரியானோஸ் நூலைப் புரட்டினால் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

சரி, குறைகள். நூல்கள் சுவடிகள் இருந்த வரிசையிலேயே வருவதால் ஆரம்பத்திலேயே 'மூன்று பகுதி நூல்' என்ற கடினமான இறையியல் ஆய்வு முன்னால் வந்து நிற்கிறது, புதிதாகப் படிப்பவர் அங்கேயே மூடி வைத்துவிட வாய்ப்பு அதிகம். மூலத்தில் இல்லாத உபதலைப்புகளைப் பதிப்பாளர்கள் உள்ளே போட்டிருப்பது எனக்கு உறுத்துகிறது, ஓட்டைகளில் காட்டிய கவனம் இதில் இல்லை. அப்புறம் யூதாஸ் நற்செய்தி: இந்தப் பதிப்பு வந்த பிறகு அந்தச் சுவடியின் மேலும் பல துண்டுகள் வெளிச்சத்துக்கு வந்தன, அவை இதில் கிடையாது. அந்த ஒரு நூலுக்கு மட்டும் பிந்தைய பதிப்பு எதையாவது சேர்த்துப் படியுங்கள்.

பரங்கிமலை, சாந்தோம் நினைவோடு தோமாவைத் தேடி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோமா இந்தியாவுக்கு வந்ததைச் சொல்லும் 'தோமாவின் பணிகள்' இதில் இல்லை. அது நாக் ஹம்மாதியில் கிடைத்ததல்ல, சிரியாக்கிலும் கிரேக்கத்திலும் தனியாக வந்து சேர்ந்த நூல். இதில் உள்ள தோமா நற்செய்தி 114 கூற்றுகள் மட்டும்தான், பயணமும் கிடையாது, இயேசு சிலுவையில் அறையப்பட்ட கதையும் கிடையாது. ஆனால் அதோடு கிரேக்கத் துண்டுகளையும் தந்திருப்பது பெரிய உபகாரம். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றில் முதல் துண்டை எடுத்தது 1897-இல், அவை எந்த நூலின் பகுதி என்று உறுதியானது காப்டிக் பிரதி கிடைத்த பிறகுதான். இரண்டையும் ஒப்பிட்டுப் படித்தால் ஒரே கூற்று கைமாறும்போது எப்படி மாறுகிறது என்று தெரிகிறது, வரிசைகூட இடம் மாறியிருக்கிறது.

முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். தோமாவில் தொடங்கி, மரியாளுக்குப் போய், பிறகு 'இடி' என்ற கவிதை. தன்னை முதலும் முடிவும் என்றும், மதிக்கப்பட்டவள், இகழப்பட்டவள் என்றும் சொல்லிக்கொள்ளும் ஒரு பெண்குரல் அது, முன்னுரை பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள். அதற்கப்புறம் யோவானின் ரகசிய நூல், அதுதான் இந்த உலகம் எப்படி, யாரால் வந்தது என்று க்னாஸ்டிக்குகள் சொன்ன கதையை முழுசாகத் தருகிறது. அந்தக் கதை பிடிபட்டுவிட்டால் 'மூன்று பகுதி நூல்' பக்கம் தைரியமாகத் திரும்பலாம்.