கீற்றா, கோடா? ஹாலியின் காற்றுப் படமும் ஹும்போல்ட்டின் வெப்பப் படமும்

உலக வானிலையைத் தாளில் பிடித்து வைத்த ஆரம்பகால வரைபடங்கள் என்றால் இரண்டுதான் முதலில் பேச்சில் வரும். ஒன்று, 1686-இல் எட்மண்ட் ஹாலி வரைந்த காற்றுப் படம். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். இன்னொன்று, 1817-இல் ஜெர்மன் இயற்கை அறிஞர் அலெக்சாண்டர் ஃபொன் ஹும்போல்ட் வரைந்த வெப்பப் படம். பள்ளிப் பாடத்தில் இடம் பிடித்தது ஹும்போல்ட்டின் சமவெப்பக் கோடு. என் மனம் என்னவோ ஹாலி பக்கம்தான் சாய்கிறது.

ஹாலிக்கு இருபது வயது இருக்கும்போதே தென்வானத்து விண்மீன்களைக் கணக்கெடுக்க செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறினார். வெப்பமண்டலக் கடற்காற்று எப்படி இருக்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். மற்றதையெல்லாம் அந்தக் கடல்களில் போய் வந்த மாலுமிகளிடம் கேட்டறிந்தார். படம் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது.

அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடல் முழுக்கச் சின்னச் சின்னக் கீற்றுகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு கீற்றுக்கும் ஒரு முனை கூர்மை. கூர்முனை எந்தப் பக்கமோ, காற்று அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பொருள். அட்லாண்டிக்கில் வியாபாரக் காற்றுகள், அதாவது வெப்பமண்டலத்தில் கிழக்குப் பக்கமிருந்து விடாமல் வீசும் காற்றுகள், சீராக ஓடுகின்றன. அப்படியே அரபிக்கடலுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் வாருங்கள். ஒரு வரிசைக் கீற்று ஒரு பக்கம் பார்க்கும், அடுத்த வரிசை நேர் எதிர்ப்பக்கம் பார்க்கும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, மிச்சப் பாதியில் தென்மேற்குக் காற்று. இரண்டையும் ஒரே தாளில் காட்ட வேண்டியிருந்ததால் அங்கே மட்டும் கீற்றுகள் அடர்ந்து கிடக்கின்றன. நம் கடற்கரையில் வாடை என்றும் கச்சான் என்றும் பேர் சொல்லிப் பிரிக்கிற காற்றுகள்தான் அவை. 340 வருடத்துக்கு முந்தைய ஒரு தாளில் அவை எதிரெதிராக நிற்பதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சரி, ஹும்போல்ட். அவருடைய படத்தில் கண்டங்களின் கரைகூடக் கிடையாது. அட்சரேகை, தீர்க்கரேகை, சில ஊர்ப் பெயர்கள், அவற்றின் ஊடே வளைந்து போகும் கோடுகள், அவ்வளவுதான். 58 இடங்களின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை வைத்துக்கொண்டு, ஒரே வெப்பமுள்ள இடங்களை ஒரே கோட்டில் கோத்தார். கோடுகள் மேற்கு ஐரோப்பாவில் வடக்கே ஏறின, கிழக்கு அமெரிக்காவில் தெற்கே இறங்கின. வெயிலை அட்சரேகை மட்டுமே தீர்மானிக்கிறது என்ற பழைய எண்ணத்துக்கு அந்த வளைவே பதில். இன்றைக்கும் பாருங்கள்: நியூயார்க்கும் நேப்பிள்ஸும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைதான், ஆனால் ஜனவரியில் நியூயார்க் உறைநிலையை ஒட்டி நடுங்கும்போது நேப்பிள்ஸ் 8 டிகிரிக்கு மேல் இருக்கும்.

உபயோகம் என்று பார்த்தால் ஹும்போல்ட்டின் கோடு வெகுதூரம் முன்னால் போய்விட்டது. மழை, காற்றழுத்தம் என எதை அளந்தாலும் அதே உத்தியில் வரையலாம். 1838 முதல் ஜெர்மன் வரைபடக் கலைஞர் பெர்க்ஹவுஸ் வெளியிட்ட இயற்கைப் புவியியல் அட்லஸ் முழுக்க அந்த உத்தியின் செல்வாக்கைப் பார்க்கலாம். ஹாலியின் கீற்றால் இதையெல்லாம் செய்ய முடியாது. எவ்வளவு வேகம் என்றுகூட அது சொல்லாது.

ஆனால் ஆண்டுச் சராசரி என்பது பருவத்தை விழுங்கிவிடும். பெய்ஜிங்குக்கும் பிரான்ஸின் போர்தோ நகருக்கும் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 13 டிகிரி. ஒரே கோட்டில் இரண்டையும் கோத்துவிடலாம். ஜனவரியில் பெய்ஜிங் உறைநிலைக்குக் கீழே கிடக்கும், போர்தோவில் அப்படி இல்லை. ஹும்போல்ட்டுக்கும் இது தெரியும். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனிக் கோடுகள் வேண்டும் என்று அவரே எழுதினார். மாதவாரியாக உலகம் முழுமைக்கும் சமவெப்பக் கோடு வரைந்தவர் பின்னால் வந்த ஜெர்மன் வானிலை அறிஞர் டோவ். ஹாலியோ முதல் படத்திலேயே இரண்டு பருவத்தையும் அருகருகே நிறுத்திவிட்டார். பருவக்காற்றை நம்பிப் பிழைக்கிற நாடுகளுக்கு எது முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வியாபாரக் காற்று ஏன் கிழக்கிலிருந்து வீசுகிறது என்ற விளக்கத்தில் ஹாலி சறுக்கியதையும் சொல்லியாக வேண்டும். சூரியன் மேற்கே நகர நகரச் சூடான காற்றும் பின்னாலேயே போகிறது என்று நினைத்தார். பூமியின் சுழற்சியை 1735-இல் ஜார்ஜ் ஹாட்லி என்ற இன்னொரு ஆங்கிலேயர்தான் கணக்கில் சேர்த்தார். காரணம் தப்பாகப் போனாலும் படம் தப்பாகவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1701-இல் அட்லாண்டிக்கின் காந்த விலக்கத்தை, அதாவது திசைகாட்டி முள் உண்மை வடக்கிலிருந்து விலகும் அளவை, சம அளவுக் கோடுகளால் வரைந்தவரும் ஹாலிதான். ஹும்போல்ட்டுக்கு உத்வேகம் தந்ததும் அந்தக் கோடுகளே. காற்று வரைந்த கைக்குக் கோடும் வரையத் தெரிந்திருக்கிறது. வெப்பத்தை ஒற்றை எண்ணில் சொல்லிவிடலாம், காற்றுக்குத் திசையும் வேண்டும், அதற்குக் கீற்றுதான் பொருந்தும். கைப்பேசியில் புயல் நேரத்தில் காற்றோட்டப் படம் பார்க்கிறோமே, மெலிந்த வாலும் அழுத்தமான தலையுமாகக் கீற்றுகள் ஓடும். வால் பக்கம்தான் காற்று வருகிற பக்கம்.