கால் ஆணிக்கு கார்ன் கேப்: மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன்

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கலில், ஆணி மேல் ஒட்டும் இந்த மருந்துப் பிளாஸ்திரியை வாங்கினேன். முதல் வாரமே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன், இப்போது மூன்றுதான்.

தாதரில் துணிக்கடை வேலை, நாள் முழுக்க நின்றபடிதான், போகவர லோக்கல் ரயிலிலும் நின்றபடிதான். வலது சுண்டு விரல் மேல் ஆணி வந்து, ஷூ போட்டாலே உயிர் போகும். கேப்பின் நடுவில் சாலிசிலிக் அமிலம், சுற்றிலும் மெத்தென்ற வளையம். மருந்து தடித்த தோலை இளக்கும், வளையம் ஷூ அழுத்தாமல் தாங்கும். இரண்டாவது கேப்பை எடுத்துவிட்டு வெந்நீரில் காலை ஊறவைத்துத் தேய்த்ததும் வெள்ளையாக உரிந்து வந்துவிட்டது, அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு குறை, வியர்வையில் கேப் நகர்ந்து நல்ல தோலில் மருந்து பட்டு எரிந்தது.

ஒன்றரை மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஆணி! சயனில் தோல் டாக்டரிடம் போனால், அவர் காலைப் பார்க்கும் முன் ஷூவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆணிக்கு வேர் இருக்கிறது, அதைப் பிடுங்கினால்தான் போகும் என்று ஊரில் சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் நான். வேரெல்லாம் கிடையாதாம். ஒரே இடம் ஓயாமல் அழுந்தி உரசும்போது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள அங்கே தோலைத் தடிக்க வைக்கிறது, அது இறுகி நடுவில் முளை மாதிரி உள்நோக்கிக் குத்துவதுதான் வலி. உரசல் நிற்காத வரை ஆணியும் வரும். விரல் வளைந்திருந்தாலும் வருமாம், எனக்குக் காரணம் கூர்முனை ஷூதான்.

வீட்டுக்கு வந்து தாளில் பாதத்தை வரைந்து அதன்மேல் ஷூவை வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கோடு வெளியே தெரிந்தது. அப்புறம் முன்பக்கம் அகலமான ஷூ வாங்கினேன், அதுவும் சாயங்காலமாகப் போய், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இப்போது வலி இல்லை.

கேப் வாங்குங்கள், ஆனால் ஷூவையும் மாற்றுங்கள். பிளேடால் மட்டும் செதுக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் இந்தக் கேப்பைத் தொடவே வேண்டாம், காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் ஆவதே தெரியாது. அந்த எச்சரிக்கையை அட்டையில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அதற்காகவே ஒரு மதிப்பெண் குறைத்தேன்.