மானிட்டருக்குப் பின்னால் எந்த விளக்கு: ஒரே வெள்ளையா, திரையோடு மாறும் வண்ணமா?

இரண்டையும் ஒரே 27 இன்ச் மானிட்டரின் முதுகில் ஒட்டிப் பார்த்துவிட்டேன். முதலில், திரையில் ஓடும் படத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வகை. ஒன்றரை வருடம் இருந்தது. இப்போது இருப்பது எப்போதும் ஒரே மாதிரி எரியும் வெள்ளை எல்இடி ஸ்ட்ரிப், அதாவது சின்ன விளக்குகள் வரிசையாகப் பதித்த ஒட்டு நாடா. யாராவது கேட்டால் வெள்ளையைத்தான் வாங்கச் சொல்வேன்.

திரையோடு சம்பந்தமில்லாமல் ரிமோட்டில் நிறம் மாற்றும் சாதாரண ஆர்ஜிபி ஸ்ட்ரிப்பைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. அலங்காரத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதில் வெள்ளை என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வருவது. அதனால் பெரும்பாலும் நீலமோ ஊதாவோ தட்டும். சுவரில் அந்தச் சாயல் பட்டால் திரையின் நிறமும் கண்ணுக்கு மாறித் தெரியும்.

இருட்டறையில் திரை மட்டும் பளிச்சென்று இருப்பதால் வரும் கண் உறுத்தல் நான் ஒட்டிப் பார்த்த இரண்டிலும் குறைகிறது. ஐபிஎஸ் என்ற திரை வகை மானிட்டர்கள் பலவற்றில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1000:1 அளவில்தான் இருக்கும் என்பதால் இருட்டில் கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரியும். பின்சுவரில் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தால் அதே கறுப்பு ஆழமாகத் தெரிகிறது. திரையில் எதுவும் மாறவில்லை. கண் ஒப்பிட்டுப் பார்ப்பது மாறுகிறது.

நிறம் மாறும் வகையின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். படத்தில் சூரியன் மறையும்போது சுவர் முழுக்க ஆரஞ்சு படர்வதை முதல் நாள் பார்த்தபோது, திரையே இரண்டு மடங்கு விரிந்ததுபோல் இருந்தது. அதற்குத் தேவைப்படும் ஏற்பாடுதான் பெரிது. நான் போட்டது டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப். ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் தனித்தனி சிப். மீட்டருக்கு 60 எல்இடி என்று நாலு பக்கமும் ஓட்டினால் கிட்டத்தட்ட 100 வரும். முழு வெள்ளையில் ஒவ்வொன்றும் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். மொத்தம் 6 ஆம்பியர், 30 வாட். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது அரை ஆம்பியர். ஆகவே தனி 5 வோல்ட் அடாப்டர் வேண்டும். ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் மறுமுனை போகப்போகச் சிவந்துவிடும், இரண்டு முனையிலும் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் ஒருமுறை செய்யும் வேலை, பரவாயில்லை. என்னை வெறுக்க வைத்தது பராமரிப்பு.

இந்த ஸ்ட்ரிப்பில் எந்த நிறம் காட்ட வேண்டும் என்ற தகவல் ஒரு எல்இடியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போகிறது. நடுவில் ஒன்று போனால் அதற்குப் பிறகு உள்ளவை எல்லாம் அணையும், இல்லையென்றால் கண்டபடி மின்னும். மூலைகளில் ஸ்ட்ரிப்பை வெட்டி கிளிப் போட்டு இணைத்திருந்தேன். கிளிப்புக்குள் இருக்கும் சின்னத் தகடுதான் செம்புப் புள்ளியை அழுத்திப் பிடிக்க வேண்டும். மானிட்டர் முதுகு தினமும் சூடாகி ஆறுகிறது, பிடி தளர்ந்துவிட்டது. ஒரு நாள் இரவு வலது கீழ் மூலையைத் தாண்டி எல்லாம் பச்சையாகத் துடித்தது. நகத்தால் கிளிப்பை அழுத்தினால் சரியாகும், விட்டால் மறுபடி துடிக்கும். மானிட்டரை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, போர்வை விரித்துக் குப்புறப் போட்டு, கிளிப்பை எடுத்துவிட்டு ஒயர் வைத்து சால்டர் செய்தேன். இரண்டு மாதத்தில் அடுத்த மூலை.

திரையின் நிறத்தைப் படித்து ஸ்ட்ரிப்புக்கு அனுப்பக் கணினியில் ஒரு மென்பொருள் ஓட வேண்டும், அதன் தொல்லை தனி. அப்டேட் வந்தால் திரையைப் படிக்கும் அனுமதி போய்விடும். இரண்டாவது மானிட்டரைச் செருகினால் தவறான திரையைப் படிக்கும். காப்புரிமைப் பூட்டுள்ள வீடியோக்கள் அந்த மென்பொருளுக்கு வெறும் கறுப்பாகத்தான் தெரியும், சுவரும் இருண்டு கிடக்கும். மென்பொருளுக்குப் பதில், எச்டிஎம்ஐ கேபிளில் வரும் படத்தை நடுவில் நின்று படிக்கும் பெட்டி வகையில் இந்தச் சிக்கல் குறைவு என்றாலும், அதை நண்பர் வீட்டில் சில நாள் பார்த்ததோடு சரி. நீண்ட நாள் எப்படி உழைக்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. வாங்குவதானால், உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷனையும் ரிஃப்ரெஷ் ரேட்டையும் அந்தப் பெட்டி அப்படியே கடத்துமா என்று முதலில் பாருங்கள்.

வேலை நேரத்தில் இன்னொன்று. கறுப்பு எடிட்டரிலிருந்து வெள்ளைப் பக்கத்துக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் சுவரும் சேர்ந்து பளிச்சிடும். கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது நிம்மதி தராது.

வெள்ளை ஸ்ட்ரிப்பில் தகவல் கம்பியே கிடையாது. 5 வோல்ட் வகையில் ஒரு எல்இடி போனால் பெரும்பாலும் அது மட்டும்தான் போகும். என்னுடையது மானிட்டரின் யூஎஸ்பி போர்ட்டிலேயே எரிகிறது. மானிட்டரோடு சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைகிறது. ஆறு மாதமாக நான் அதைத் தொடவில்லை.

வாங்கும்போது வெள்ளையின் சாயலைக் குறிக்கும் எண் 6500 கெல்வின் என்று பார்த்து வாங்குங்கள். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறத் தரத்தில் திரையின் வெள்ளை டி65 என்ற பகல் வெளிச்ச வெள்ளை, அதுவும் ஏறக்குறைய அதே அளவு. மஞ்சள் விளக்கை வைத்தால் திரை நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ 90க்கு மேல் இருந்தால் நல்லது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைப் பாதியில் வைத்து போன் கேமராவில் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் விளக்கு துடிக்கிறது என்று அர்த்தம், வேறு டிம்மர் தேடுவது மேல். வெளிச்சம் திரை வெள்ளையின் பத்தில் ஒரு பங்கு போதும். சுவர் அழுத்தமான நிறத்தில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் பிசகும். வெள்ளை அல்லது சாம்பல் சுவர் உத்தமம்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். காற்றுத் துளைகளை மறைக்காதீர்கள். விளிம்பிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஒட்டினால் பக்கவாட்டில் இருந்து புள்ளிகள் தெரியாது. மூலையில் மடிக்காமல், சின்ன வளையம் விட்டுத் திருப்புங்கள்.

கழற்றிய வண்ண ஸ்ட்ரிப்பை நான் தூக்கிப் போடவில்லை. கீழ்ப்பக்கத்தை விட்டுவிட்டு மூன்று பக்கம் மட்டும், மூலைகளில் கிளிப்புக்குப் பதில் ஒயர் சால்டர் செய்து, டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். தள்ளி உட்கார்ந்து படம் பார்க்கும் இடத்தில் அது இன்றும் அழகாகத்தான் இருக்கிறது.