ஒரு வாரம் தொடாதே என்று சொல்லி அனுப்பும் பாம்புக் கடை: 4/5

கிழக்கு லண்டனில் ஊர்வன மட்டுமே விற்கும் ஒரு சின்னக் கடை. மகளுக்காக கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பின் குட்டி ஒன்று வாங்கினோம். கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை. "பெட்டி, ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோடு வைக்கும் கருவி), ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடம் முதலில் கொண்டுபோய் வையுங்கள். ஒரு பக்கம் 28லிருந்து 30 டிகிரி, மறுபக்கம் 24 டிகிரி நிலையாக நிற்கட்டும். அப்புறம் வாருங்கள்" என்றார்கள். மகளுக்கு முகம் தொங்கிப்போனது. எனக்கோ கடை மேல் நம்பிக்கை வந்ததே அப்போதுதான்.

பாம்போடு ஓர் அட்டையும் தந்தார்கள். எந்தத் தேதியில் எலிக்குட்டி தின்றது, எப்போது தோல் உரித்தது என்று பேனாவால் எழுதியிருந்தது. வாங்குகிறவர்கள் நிறத்தில் மயங்காமல் இந்த அட்டையைக் கேளுங்கள். இரை எடுக்காத குட்டியைத் தலையில் கட்டிவிட்டால் பாடு நமக்குத்தான்.

கையாளக் கற்றுக்கொடுத்த விதத்துக்கே தனியாக ஒரு நட்சத்திரம் தரலாம். பெட்டியைத் திறந்ததும் குட்டி வால் நுனியைக் காகிதத்தில் படபடவென்று அடித்தது. கடைப்பெண் அவசரப்படவில்லை. அது அடங்கும்வரை நின்றுவிட்டு, பக்கவாட்டிலிருந்து கையை நடு உடம்புக்கு அடியில் நுழைத்துத் தூக்கினார். மேலிருந்து கை வந்தால் அதற்குப் பருந்துதானாம். இறுக்கிப் பிடிக்கவே இல்லை. ஒரு கையிலிருந்து மறுகைக்கு அதன் போக்கிலேயே ஊரவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுபோன பின் முதல் வாரம் தொடவே கூடாது. தண்ணீர் மாற்ற மட்டும் கை போகலாம். இரை தின்றால் 48 மணி நேரம் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கக்கிவிடும். கண் பால்போல் மங்கினால் தோல் உரிக்கப் போகிறது, அப்போதும் தொல்லை கூடாது. எலி வாடையோடு கையை நீட்டினால் விரலும் இரைதான். தூக்கி வைத்த பிறகும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். எல்லாம் நன்றாகப் போகிறது. ஊரிலிருந்து அம்மா மட்டும், "அந்தப் பூச்சி இன்னும் பெட்டிக்குள்ளதானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மூடிக்குப் பூட்டு உண்டு, அம்மா.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன்? செட்டோடு தள்ளிவிடும் ஒட்டு வெப்பமானி. அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். பாம்பு படுக்கும் தரையின் சூட்டைக் காட்டாது. ஒயர் வைத்த டிஜிட்டல் ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். உறைய வைத்த எலியும் இங்கே விலை கூடுதல். சனிக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் யாரும் நிதானமாகப் பேச மாட்டார்கள்.