அலையாத்திக் காட்டை மீட்க: நடவா, வாய்க்காலா, காத்திருப்பா?

அழிந்த அலையாத்திக் காட்டை மீட்பது என்றாலே, முழங்கால் சேற்றில் நின்று கன்று ஊன்றும் புகைப்படம்தான் நினைவுக்கு வரும். இருக்கும் மூன்று வழிகளில் அதிகம் தோற்றதும் அதுதான்.

நேரடி நடவு மலிவானது, வேகமானது, கணக்குக் காட்டவும் தோதானது. அலையாத்தி மரங்களில் ஒன்றான சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது. இந்த எளிமையே வினையாகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் பெரும் ஆர்வத்தோடு நடவு நடந்தது. பின்னாளில் 23 இடங்களை ஆராய்ந்தபோது, ஒன்பதில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நடந்த முயற்சியில் தேறியது 200–220 ஹெக்டேர் மட்டுமே. பிலிப்பைன்ஸில் இருபது ஆண்டுகளில் 44,000 ஹெக்டேரில் நட்டார்கள். பிழைத்தவை 10 முதல் 20 விழுக்காடு. காடு இருந்த நிலம் அங்கே மீன், இறால் குட்டைகளாகிப் பலர் கைக்குப் போயிருந்தது. அதனால் யாரும் உரிமை கேட்காத, கடலை ஒட்டிய சேற்றுவெளியில் கன்றுகளை ஊன்றினார்கள். ஓதநீர், அதாவது கடல் ஏறி இறங்கும்போது வந்து போகும் நீர், நெடுநேரம் மூழ்கடிக்கும் இடம் அது. கரையோரப் பறவைகள் இரை தேடும் இடமும்கூட.

பிச்சாவரத்தின் கதை வேறு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் எடுத்தார்கள். வெயில் பட்ட மண் வறண்டு அமிழ்ந்து, தாம்பாளம்போலக் குழிந்தது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு ஏறிக்கொண்டே போனது. அங்கே எத்தனை கன்று நட்டாலும் உப்பளத்தில் நாற்று நட்ட கதைதான். 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் காரணத்தைக் கண்டறிந்து, வனத்துறையோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டியது. நடுவில் தாய்வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதநீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. வாய்க்கால் சரிவில் நட்ட வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் பிடித்துக்கொண்டது. ஓதத்தின் ஏற்ற இறக்கம் சிறியதாகவும் ஆற்றின் நன்னீர் வரத்து குறைந்தும் இருக்கும் நம் கரைக்கு இது பொருந்தும். ஆனால் வெட்டுக்கூலி அதிகம். வண்டல் படிந்தால் தூர்வார வேண்டும். வெட்டத் தரும் பணத்தைத் தூர்வாரவும் தருவார்களா என்பதே என் ஐயம்.

மூன்றாவது வழியில் நடவே இல்லை. ஃபுளோரிடாவின் வெஸ்ட் லேக்கில் 1980களில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் சுமார் 500 ஹெக்டேரில் நிலமட்டத்தையும் நீரோட்டத்தையும் மட்டும் சீர்செய்தார். விதைகள் தாமாக மிதந்து வந்து முளைத்தன. நல்ல அலையாத்திக் காடு மொத்த நேரத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாகவே நீரில் மூழ்கியிருக்கும் என்பது அவர் கண்ட கணக்கு. இப்படி வரும் காட்டில் எந்த மரம் எந்த மட்டத்தில் நிற்பது என்பதை ஓதமே தீர்மானிக்கும். ஒரே இனத்தை வரிசைகட்டி நட்ட தோப்பாக அது இராது. அருகில் தாய்மரங்கள் இல்லாவிட்டால் மட்டும் இந்த வழி பலிக்காது.

கைவிட்ட இறால் பண்ணை என்றால் நான் கரையை உடைத்துவிட்டு ஒரு விதைப் பருவம் காத்திருப்பேன். பிச்சாவரம் போல் குழிந்து உப்பேறிய நிலத்துக்கு வாய்க்கால். கடலோரச் சேற்றுவெளியைப் பறவைகளுக்கே விட்டுவிடுவேன். நாற்றங்கால் போடுவது, காத்திருந்தும் விதை வராத இடங்களுக்கு மட்டும். அதற்கும் முன்னால், பக்கத்தில் நன்றாக நிற்கும் காட்டில் ஓர் அளவுகோல் கழியை ஊன்றி, நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வரவேண்டும்.