அடைபட்ட சிறுநீரகம்: டிஜிஎஃப்-பீட்டா-1-ஐத் தடுப்பதா, பிஎம்பி-7-ஐக் கூட்டுவதா?

எலியின் ஒரு பக்கச் சிறுநீர்க்குழாயை நூலால் கட்டிவிட்டால், 2 வாரங்களுக்குள் அந்தச் சிறுநீரகம் நீர் கோத்து வீங்கி, திசு மெலிந்து, நுண்குழல்களுக்கு இடையே கொலாஜன் நார் படிந்துவிடுகிறது. இந்தத் தழும்பாக்கத்தில் எதிரெதிராக நிற்கும் இரு சமிக்ஞைப் புரதங்களும் (செல்களுக்குச் செய்தி சொல்பவை), அதாவது நாரைக் கூட்டும் டிஜிஎஃப்-பீட்டா-1-உம் அதைக் குறைக்கும் பிஎம்பி-7-உம், ஒரே குடும்பத்துப் பங்காளிகள் என்பதுதான் வேடிக்கை.

அடைப்பின் அழுத்தத்தால் நுண்குழல் செல்கள் இழுபடும்போது ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் பெருகி, டிஜிஎஃப்-பீட்டா-1-ஐத் தூண்டுகிறது. அதன் கட்டளை ஸ்மாட்-3 புரதத்தின் வழியே செல்லின் உட்கருவை எட்டி, கொலாஜன் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஆகவே டிஜிஎஃப்-பீட்டா-1-ஐத் தடுப்பதே நேர்வழி என்று தோன்றும். ஆனால் அழற்சியை அடக்கி வைப்பதும் இதே மூலக்கூறுதான். இது அறவே இல்லாமல் பிறந்த சுண்டெலிகள், பல உறுப்புகளில் பரவிய அழற்சியால் சில வாரங்களிலேயே இறந்தன. நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகளுக்கு இதைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்திய மருத்துவ ஆய்வு ஒன்றும் பலன் தெரியாமல் நிறுத்தப்பட்டது.

பிஎம்பி-7 நலமான சிறுநீரகத்தில் இயல்பாகவே உருவாவது. அடைப்பு நேர்ந்ததும் குறைந்துபோவது. அதை வெளியிலிருந்து செலுத்தியபோது எலிகளில் நார்ப்படிவு குறைந்தது. இழந்ததை ஈடுசெய்யும் இவ்வழியே எனக்கு நியாயமாகப் படுகிறது. எனினும் எலும்பையும் வளர்க்கவல்ல புரதம் இது என்பதால், உடல் முழுவதும் செலுத்துவதில் தயக்கம் வேண்டும். இரண்டில் எதுவும், அடைப்புக்குக் காரணமான கல்லையோ சிறுநீர்க்குழாய்ச் சுருக்கத்தையோ காலத்தே அகற்றுவதற்கு மாற்றாகாது.