வாசெக்டமி: கத்தி வைத்தா, வைக்காமலா?

ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையான வாசெக்டமியில் இரண்டு முறை உண்டு. இரண்டிலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்ய ஊசி போட்டு, விந்துக்குழாயைத் துண்டித்து அடைப்பார்கள், பெரும்பாலும் அரைமணி நேரத்தில் முடிந்து அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். வித்தியாசம் குழாயை வெளியே எடுக்கும் விதத்தில்தான்.

பழைய முறையில் விரைப்பைத் தோலைக் கத்தியால் ஒன்றிரண்டு இடத்தில் கீறுவார்கள், அப்புறம் தையல். 1974இல் சீனாவில் டாக்டர் லி ஷுன்சியாங் உருவாக்கிய கத்தி வைக்காத முறையிலோ கூர்மையான இடுக்கியால் சின்னத் துளை போட்டு, அதை விரித்துக் குழாயை எடுக்கிறார்கள். தையல் பெரும்பாலும் தேவைப்படாது. ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, வலி எல்லாமே குறைவு. வாய்ப்பிருந்தால் இதையே தேர்ந்தெடுங்கள், ஆனால் டாக்டருக்கு இதில் நல்ல கைப்பழக்கம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

எந்த முறையானாலும் முதல் இரண்டு நாள் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், இறுக்கமான உள்ளாடை. ஒரு வாரம் கனமாக எதையும் தூக்க வேண்டாம். லேசான வலி சகஜம். காய்ச்சலோ பெரிதாகிக்கொண்டே போகும் வீக்கமோ வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

கருத்தடைத் திறனில் இரண்டும் ஒன்றுதான், பலர் கோட்டை விடும் இடமும் ஒன்றுதான்: மிச்சமிருக்கும் விந்தணுக்கள் வெளியேற சுமார் மூன்று மாதம் ஆகும், அதனால் விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியாகும்வரை ஆணுறை கட்டாயம். ஆண்மை குறையுமோ என்ற பயம் வேண்டவே வேண்டாம், ஹார்மோன் சுரப்பும் விறைப்பும் அப்படியேதான் இருக்கும்.